பதினான்காவது ஸ்பூல்

மாண்ட்ரியாலில் மணிவாசகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே இறங்கிப் போக வேண்டும். பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை மூன்றாவது மாடியில் ஜன்னலும் வெளிச்சமுமாக இருந்தது. அந்தத் துறையின் டேப் ரெக்கார்டர்களெல்லாம் கெட்டுப்போனால் வந்து சேரும் இடம் நிலவறை. அங்கே ஒரு நீண்ட மேஜை, இரண்டு பெரிய ரெக்கார்டர்கள், தலைக்கு மேலே வெந்நீர்க் குழாய்கள், இவற்றுக்கு நடுவில் மணிவாசகம்.

திருச்சி வானொலி நிலையத்தில் பதினோரு வருஷம் இன்ஜினியரிங் பிரிவில் இருந்துவிட்டு 1967-ல் வந்தவர். எக்ஸ்போ கண்காட்சி பார்க்க உலகமே மாண்ட்ரியாலுக்கு வந்த வருஷம் அது. உலகம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. மணிவாசகமும் அவர் மனைவி அலமுவும் செயின்ட்-மிஷேலில் ஒரு இத்தாலியக்காரர் வீட்டு மாடியில் குடியேறித் தங்கிவிட்டார்கள்.

ஆள் ஒல்லி. அலமு பின்னிய ஸ்வெட்டருக்கு மேலே டை கட்டுகிற ஒரே மனிதர் அந்தக் கட்டடத்தில் அவர்தான். டையை ஸ்வெட்டருக்கு உள்ளே விட வேண்டும் என்று யாராவது சொன்னால், "உள்ள விட்டா யாருக்குத் தெரியும்?" என்பார். வேலையில் படு சுத்தம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்த இடத்தில் வைக்காதவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்.

ஒரு குறை உண்டு, அதைக் குறை என்று சொல்வதா என்று தெரியவில்லை: பொய் சொல்ல வராது. அலமு இதற்கு ஒரு அளவுகோலே வைத்திருந்தாள். "நீங்க ஒரு வரியில சொன்னா அது நிஜம். மூணு வரியில சொன்னா பொய்."

இந்த மனிதர் 1971-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், உலகத்தில் பதினோரு பேர் மட்டுமே பேசிய ஒரு மொழியின் இலக்கணத்தை அழித்தார். அதுவும் நல்ல மனதோடு, ஒரு கையில் இட்லியோடு.

இதைச் சொல்ல பேராசிரியர் லாந்த்ரியிலிருந்து தொடங்க வேண்டும். ஆறடி உயரம், சட்டைப்பையில் எப்போதும் கசங்கிய குறிப்புச் சீட்டுகள், காபி இல்லாமல் ஓர் இடத்தில் நிற்கமாட்டார். காபிக் கோப்பையை எங்கே வைத்தோம் என்பதும் அவருக்கு நினைவிருக்காது. பிரேசிலில் துப்பி என்று ஒரு பெரிய மொழிக்குடும்பம். அதில் ரொண்டோனியா காட்டுப் பக்கம் ஒரு சின்னக் கிளை, அதிலும் சின்னதாக ஒரு மொழி. ரப்பர் எடுக்க வந்தவர்களும் அவர்கள் கொண்டுவந்த அம்மையும் சேர்ந்து அதைப் பேசியவர்களைப் பதினோரு பேராகக் குறைத்துவிட்டிருந்தார்கள். லாந்த்ரி 1968-ல் அங்கே எட்டு மாதம் இருந்து முப்பத்தியொரு ஸ்பூல் டேப் பதிவு செய்துகொண்டு வந்தார். மனிதர் பாதி ஆயுளை அதில் வைத்திருந்தார்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி, ரப்பர்த் தோட்டத்துக்காரர்கள் வைத்த பெயரால், டோனா லூசியா. நாற்பது வயதிருக்கும். பதினான்காவது ஸ்பூல் முழுக்க அவள்தான். ரெக்கார்டரைச் சரிபார்க்கும் சாக்கில் லாந்த்ரி அந்த ஸ்பூலை மணிவாசகத்துக்கு ஒருமுறை போட்டுக் காட்டினார். இருவரும் பேசியது பாதி இங்கிலீஷ், பாதி பிரெஞ்சு; இங்கே தமிழில் கொடுத்திருக்கிறது.

"இந்த மொழியில் 'அவன் வீட்டில் இருக்கிறான்' என்று மட்டும் சொல்ல முடியாது, மிஸ்யூ மணி. உட்கார்ந்து இருக்கிறானா, நின்று இருக்கிறானா, படுத்து இருக்கிறானா, நடமாடிக்கொண்டு இருக்கிறானா, ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வினைச்சொல்லோடு கூடவே வரும்."

"ஒண்ணும் செய்யாம சும்மா இருந்தா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். இதோ, கேளுங்கள்."

ஸ்பூல் சுழன்றது. லாந்த்ரியின் குரல் தடுமாறி என்னவோ கேட்டது. ஒரு விநாடி மௌனம். பிறகு ஒரு பெண் சிரித்தாள், வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. அடக்கிப் பார்த்தாள், முடியாமல் மறுபடியும் சிரித்தாள்.

"சும்மா இருக்கிற ஆளை நீ எங்கே பார்த்தாய் என்று கேட்கிறாள்," என்றார் லாந்த்ரி.

சும்மா இருப்பதையே பெரிய பேறாகச் சொல்கிற ஊரிலிருந்து வந்தவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்துப்போயிற்று. ரெக்கார்டர் சரியாகத்தான் ஓடுகிறது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தரம் போடச் சொன்னார்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம். அந்த நாட்களில் மாண்ட்ரியாலில் தமிழ்க் குடும்பங்கள் இருபதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் அதிகம். டாக்டர், இன்ஜினியர், காலேஜ் வாத்தியார். ஊருக்குப் போய் வருகிறவர்கள் ஊறுகாயும் அப்பளமும் கொண்டுவருவார்கள், கூடவே ஒரு கச்சேரி ஸ்பூலும் வரும். அந்த ஒரு ஸ்பூலை எல்லாருக்கும் பிரதி எடுத்துத் தருவது யார் என்று கேட்கவே வேண்டாம். நிலவறையில் இரண்டு ரெக்கார்டர் இருந்தது, ரெக்கார்டருக்கு ஒரு மணிவாசகம் இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் ஆளரவம் இருக்காது. ஆளுக்கொரு டப்பாவில் இட்லியோ புளியோதரையோ கொண்டுவந்து வைத்துவிட்டு ஸ்பூலோடு போவார்கள்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டிலிருந்து நாகசுப்பிரமணியன், சுருக்கமாக நாகு. விமான இன்ஜின் கம்பெனியில் இன்ஜினியர், மணிவாசகத்துக்கு நெருங்கிய சிநேகிதர். கையில் ஒரு ஸ்பூல், முகத்தில் அவசரம்.

"மணி, இது எங்கப்பா வாசிச்சது. தங்கை கல்யாணத்துல, மாயவரத்துல. என் கசின் பாஸ்டன்லேர்ந்து கொண்டுவந்திருக்கான், ஆறு மணிக்கு டோர்வல்ல அவனுக்கு ஃபிளைட். அதுக்குள்ள எனக்கு ஒரு காப்பி வேணும்."

"உங்கப்பாவா? ரயில்வே கார்டுன்னுதானே சொன்ன?"

"கார்டுதான். மிருதங்கமும் வாசிப்பார். பச்சைக் கொடி காட்டிப் பழகின கை, காலப்பிரமாணம் நிக்காது, ஓடிண்டே இருக்கும். பாடறவா பின்னாடியே ஓடணும்." நாகு சிரித்தார். "இருந்தாலும் அப்பா."

மணிவாசகம் அலமாரியைத் திறந்தார். காலி ஸ்பூல் ஒன்றுகூட இல்லை. மேஜை மேலே ஒரு பச்சை நிறப் பெட்டி, பெயர் எழுதிய பக்கம் கீழே பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது.

இங்கேதான் திருச்சி உள்ளே வந்தது. அந்த நிலையத்தில் டேப் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள். ஒரே டேப்பை இருபது முறை அழித்துப் பதிவார்கள். அழிக்கலாம் என்று முடிவான ஸ்பூலின் பெட்டியைக் கவிழ்த்து வைப்பது அங்கே சட்டம். பதினோரு வருஷம் கவிழ்ந்த பெட்டியை எடுத்து எடுத்துப் பழகியவர் கை, அந்தப் பெட்டியையும் எடுத்தது. வழக்கமாக ஒருமுறை ஓட்டிக் கேட்டுவிட்டுத்தான் பதிவார். அன்று கடிகாரம் நான்கு காட்டியது. புதிதாக வந்திருந்த ஸ்டீரியோ ரெக்கார்டரில் அதை மாட்டி, ஒரு மணி நேரமும் அடங்கட்டும் என்று வேகத்தைப் பாதியாக்கி, பட்டனை அழுத்தினார். கிரிஜா, அதாவது நாகுவின் மனைவி, கொடுத்தனுப்பிய இட்லியையும் எடுத்துக்கொண்டார். மாயவரத்துக் கல்யாணக் கச்சேரி ஒழுங்காகப் பதிவாயிற்று. பெட்டியைத் திருப்பாமலே, மேலே தெரிந்த காபிக் கறையை மறைத்து ஒரு புதுச் சீட்டை ஒட்டி 'நாகு அப்பா' என்று அழகாக எழுதிக் கொடுத்தார்.

பெட்டியைக் கவிழ்த்து வைத்தது லாந்த்ரி. அவருக்குக் கவிழ்த்தல், நிமிர்த்தல் என்ற பேதமே கிடையாது. காபிக் கோப்பை வைக்க ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மே மாதம் பனியெல்லாம் உருகின பிறகு லாந்த்ரி நிலவறைக்கு வந்தார். கையில் காபி இல்லை.

"மிஸ்யூ மணி, பதினான்காவது ஸ்பூல் இங்கே இருக்கிறதா? பச்சைப் பெட்டி. பின்பக்கம் காபிக் கறை."

மணிவாசகத்துக்குக் காபிக் கறை நினைவுக்கு வந்தது.

"இல்லையே," என்றார். இது ஒரு வரிதான், நிஜமும்தான்; பெட்டி இங்கே இல்லை, புரோசார்ட்டில் இருந்தது.

லாந்த்ரி நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த உட்காருதல், நிற்றல், படுத்தல் எல்லாம் அதில்தான் முழுசாக இருக்கிறது. பிரதி எடுக்கவில்லை. சோம்பேறித்தனம். டாக்சியில் விட்டிருப்பேன், இல்லாவிட்டால் மெட்ரோவில். என் தப்பு."

"திரும்பப் போய்ப் பதிவு செய்ய முடியாதா, சார்?"

"லூசியா போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். மற்றவர்கள் என்னோடு போர்ச்சுகீசில்தான் பேசுவார்கள். அவள்தான் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தவள்."

மணிவாசகம் தலைக்கு மேலே போன வெந்நீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், சனிக்கிழமைக் கச்சேரி விவகாரம் வெளியே வருமே என்ற வெட்கம் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தச் சிரிப்பைக் கொன்றவன் நான் என்று வாயால் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. லாந்த்ரியோ வாரா வாரம் மெட்ரோவில் தொலைந்த பொருட்கள் வைக்கும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி வந்து, "குடை நாற்பது இருக்கிறது, ஒரு செயற்கைப் பல் செட் இருக்கிறது, என் ஸ்பூல் இல்லை," என்று மணிவாசகத்திடமே சொல்வார். மணிவாசகம் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார். வேறென்ன செய்வது?

"என்னங்க, முகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்று அலமு கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, ஆபீஸ்ல புது மெஷின் வந்திருக்கு. அதுல ஒரு பெல்ட்டு சரியில்ல. அதுக்கு ஜெர்மனிக்கு எழுதிப் போட்டிருக்காங்க."

அலமு விரல் விட்டு எண்ணினாள். மூன்று வரி. ரசத்தை ஊற்றினாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாகுவிடமிருந்து போன்.

"மணி, நீ என்ன டேப் குடுத்த எனக்கு? ஒரு பக்கம் அப்பா இருக்கார். திருப்பிப் போட்டா பேய் பேசறது."

"என்ன பேயி?"

"தடியா, மெதுவா, தலைகீழா என்னமோ உளர்றது. ஆம்பளைப் பேய்னு கிரிஜா சொல்றா. காலியா இருக்கற பக்கத்துல குழந்தை பாட்டைப் பதியலாம்னு இருந்தேன். நல்ல வேளை, எதுக்கும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கோன்னு இவ சொன்னா. இல்லேன்னா மேலேயே பதிஞ்சிருப்பேன்."

நாகு இரண்டு தடவை "ஹலோ" சொன்னார்.

"நாகு, அந்த டேப்பை யாரும் தொடாதீங்க. நான் வரேன்."

புரோசார்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துதான் அவருக்கு முழுசாக விளங்கிற்று. திருச்சி மெஷின்கள் டேப்பின் அகலம் முழுவதும் பதியும், அகலம் முழுவதும் அழிக்கும். அங்கே அழிந்தது அழிந்ததுதான். ஆனால் இந்த ஸ்டீரியோ மெஷின் டேப்பை நான்கு கோடாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஒன்றும் மூன்றும், திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் என்று ஓடுகிற ஜாதி. லாந்த்ரி காட்டில் பதிந்தது அகலம் முழுவதும். மாயவரத்துக் கச்சேரி ஒன்றையும் மூன்றையும்தான் துடைத்திருக்கிறது. இரண்டிலும் நான்கிலும் லூசியா அப்படியே இருக்கிறாள். தலைகீழாகவும் பாதி வேகத்திலும் கேட்டால் எந்தப் பெண்ணும் ஆண்பேய்தான். இதை ஐந்து வாரம் முன்பே யோசித்திருக்க வேண்டும். பழகின கை பழகின மாதிரியே நினைக்கும், என்ன செய்ய.

நடந்ததை நாகுவிடம் சொன்னார். நாகு ஸ்பூலைக் கொடுக்கக் கொஞ்சம் தயங்கினார். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"முதல்ல உங்கப்பாவை வேற டேப்புல எடுத்துக் குடுத்துட்டுத்தான் மத்த வேலை."

சொன்னபடி செய்தார். பிறகு வேகத்தைப் பழையபடி ஏற்றிவிட்டு, டேப் ஓடுகிற உயரத்தை இம்மி இம்மியாக மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த கருவி ஒரு பழைய மெட்ரோ டிக்கெட். கத்தரித்து, டேப்பைப் படிக்கிற ஹெட்டுக்கு அடியில் ஒரு துண்டு வைத்தார், மாயவரம் கேட்டது. இரண்டு துண்டு வைத்தார். மாயவரமும் காடும் கலந்து கேட்டது. இரண்டரை துண்டில் பாட்டு அடங்கிற்று. லாந்த்ரியின் குரல் தடுமாறி என்னவோ கேட்டது. ஒரு விநாடி மௌனம். பிறகு லூசியா சிரித்தாள்.

மணிவாசகம் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அழுதார். நாற்பத்தியொரு வயதில், ஸ்வெட்டருக்கு மேல் டை கட்டிக்கொண்டு, டை நனைய அழுதார்.

அழுது முடித்த கையோடு அடுத்த தப்பைச் செய்தார். சுத்தமாக ஒரு பிரதி எடுத்து லாந்த்ரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "அலமாரிக்குப் பின்னால் கிடந்தது, சார். குழாய்த் தண்ணீர் பட்டிருந்தது, அதனால் ஒலி சில இடத்தில் ஒரு மாதிரி இருக்கும். நான் ஒரு பிரதி எடுத்துவிட்டேன்." மூன்று வரி. அலமு பக்கத்தில் இல்லை. லாந்த்ரிக்கு அளவுகோல் தெரியாது. மனிதர் மணிவாசகத்தைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டார்.

இரண்டு வாரம் எல்லாம் சுகமாகப் போயிற்று. மூன்றாவது வாரம் லாந்த்ரி படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்தார். கண்ணில் ஒரு பளபளப்பு.

"உட்காருங்கள். கேளுங்கள். அவள் குரலுக்குப் பின்னால்."

மணிவாசகம் ஹெட்போனை மாட்டினார். லூசியா பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் வாசிப்பது போல, தொம் தொம் தொம் என்று ஒரு சத்தம். பாட்டும் வயலினும் பக்கத்துக் கோட்டிலிருந்து கசியவில்லை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கத்துக் கனத்த தொனி, மட்டும் கசிந்திருந்தது. அடித்தொனிக்கு அந்தக் குணம் உண்டு. பாதி வேகத்தில் பதிந்தது இப்போது முழு வேகத்தில் ஓடியதால், நாகுவின் அப்பா இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்.

"மேளம்!" என்றார் லாந்த்ரி. "எட்டு மாதம் அங்கே இருந்தேன், ஒரு மேளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. யாரோ வீட்டுக்குள்ளே ஒளிந்து வாசித்திருக்கிறார்கள். அதுவும் என்ன கணக்கு பாருங்கள், காட்டில் இப்படி ஒரு தாளத்தை யாருமே எழுதி வைத்ததில்லை. பேசும்போது பின்னால் மேளம் வாசிக்கிற வழக்கம் இருந்திருக்கிறது. ஆறு பக்கம் எழுதிவிட்டேன். செப்டம்பர் மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பியாயிற்று."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மாயவரம் எங்கே, ரொண்டோனியா எங்கே? ஆனால் அந்த ஆறு பக்கம் அச்சாகும். நூலகத்தில் ஏறும். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். பதினோரு பேரில் இப்போது பத்துப் பேர். அவர்கள் மிச்சம் வைத்துப் போகிற கொஞ்சத்திலும் ஒரு ரயில்வே கார்டின் ஆதிதாளம் போய் உட்கார்ந்துகொள்ளும். சிரிப்பைக் காப்பாற்றிவிட்டு, அதைச் சிரித்தவளைப் பற்றி உலகத்துக்குப் பொய் சொல்வதா?

"சார், அது நான் தவறிப்போய் உங்கள் டேப்பின் மேல் பதிந்த எங்கள் ஊர்க் கல்யாணக் கச்சேரி," என்றார்.

ஒரே வரி.

லாந்த்ரி சிரிக்கவில்லை. கவிழ்ந்த பெட்டி, திருச்சி, இட்லி, மெட்ரோ டிக்கெட் எல்லாவற்றையும் மணிவாசகம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐந்து தடவை அந்த மெட்ரோ அலுவலகத்துக்குப் போனேன்," என்றார் கடைசியில். "அங்கே இருக்கிற அம்மாளுக்கு என் பெயர் தெரியும். என்னைப் பார்த்ததும் அவளே 'இல்லை' என்று தலையாட்டுவாள். ஒவ்வொரு தடவையும் வந்து உங்களிடம் சொன்னேன்."

"சொன்னீங்க, சார்."

"எனக்குக் காபி கொடுத்தீர்கள்."

லாந்த்ரி எழுந்து போய்விட்டார். நான்கு நாள் கீழே வரவில்லை. அன்று இரவே மணிவாசகம் அலமுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்றாள் அவள். "பாவம் அந்த மனுஷன், அஞ்சு தடவை அலைய விட்டீங்களே" என்று மட்டும் அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் லாந்த்ரி ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். முப்பது ஸ்பூல். மேஜைமேல் வைத்தார், ஒன்றுகூடக் கவிழ்ந்திருக்கவில்லை.

"மாநாட்டுக்குத் தந்தி அடித்துவிட்டேன். இவை எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு பிரதி வேண்டும். பதினான்காவதில் மேளம் எந்த வார்த்தையை மறைக்கிறது என்று ஒன்றுவிடாமல் குறிக்க வேண்டும், அது எனக்குக் கேட்காது, உங்களுக்குத்தான் தாளம் தெரியும். சனிக்கிழமைகளில் வேலை செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்."

வேலையைப் பற்றியோ துறைத்தலைவரைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய மாதிரி சிரித்துப் பேச அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது. கோபம் நியாயமானது, ஆறட்டும் என்று மணிவாசகமும் காத்திருந்தார்.

இப்படியாக நாலு வருஷச் சனிக்கிழமைகள் லூசியாவுக்குப் போயின. தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைதான் மிஞ்சிற்று. இட்லி அதனால் குறையவில்லை. மணிவாசகத்துக்கு அந்த மொழி பேச வரவில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பதற்கும் நின்றிருப்பதற்கும் லூசியாவின் குரலில் வருகிற வித்தியாசம் அத்துப்படி ஆயிற்று. வீட்டில் அலமு "எங்க இருக்கீங்க?" என்று கூப்பிட்டால், "படுத்து இருக்கேன்" என்று விவரமாகப் பதில் வந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நாகுவின் அப்பா 1974-ல் மாயவரத்தில் காலமானார். தந்தி வந்த அன்று நாகு புரோசார்ட் வீட்டில் அந்த டேப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிவாசகமும் பக்கத்தில் இருந்தார். அப்பா ஓடிக்கொண்டே வாசித்தார்; பாடகர் பின்னாலேயே ஓடினார்.

மாண்ட்ரியாலில் ஒலிம்பிக்ஸ் நடந்த 1976-ல், ஊரே ஸ்டேடியத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, லாந்த்ரி எதிர்ப்பக்கமாகக் கிளம்பி மறுபடி ரொண்டோனியா போனார். இலக்கணம் அநேகமாக எழுதி முடித்தாயிற்று. லூசியாவின் குரலை அவள் மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கேசட்டில் மணிவாசகம் பதிந்து தந்திருந்தார். மிருதங்கத்தை எடுக்க எவ்வளவோ பார்த்தார். முடியவில்லை.

செப்டம்பரில் மணிவாசகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. லாந்த்ரியின் கையெழுத்து, ஈரத்தில் கொஞ்சம் கலைந்திருந்தது.

'மிஸ்யூ மணி, நேற்று லூசியாவின் மகள் சீலியா வீட்டில் கேசட்டைப் போட்டேன். அவள் அம்மா சிரிக்கிற இடத்தில் அவளும் சிரித்தாள், அதே சிரிப்பு. முழுவதையும் கேட்டாள். பிறகு என்னிடம் அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர் யார் என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன்: தூர தேசத்துக்காரர், ரயிலில் வேலை பார்த்தவர், அவரும் இறந்துவிட்டார் என்று. கொஞ்ச நேரம் யோசித்தாள். நல்லது, அம்மா தனியாக உட்கார்ந்து இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள்.'

மணிவாசகம் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புரோசார்ட்டுக்கு போன் போட்டார்.

"நாகு, உங்கப்பா பிரேசில்ல ஒரு வீட்ல உட்கார்ந்து இருக்காரு," என்று தொடங்கி, கடிதத்தைத் தமிழில் சொல்லிப் படித்தார்.

மணிவாசகம் ஹலோ சொல்லவில்லை, காத்திருந்தார்.

"அங்கேயாவது நிதானமா வாசிக்கிறாரா?" என்று கேட்டார் நாகு.

"இல்லப்பா. அங்க ரெண்டு மடங்கு வேகம்."